தள்ளாடும் வாத்தும் புதிய லேப் டாக்டரும்

நோயறி ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில், கழுத்தைத் திருகிக்கொண்டு தள்ளாடிச் செத்த வாத்து ஒன்று உங்கள் மேசைக்கு வரும். கத்தியை எடுக்காதீர்கள். முதலில் மேலதிகாரிக்குப் போன் போடுங்கள். நீர்ப்பறவைக்கு நரம்புக் கோளாறு என்றாலே முதல் சந்தேகம் ஹெச்5என்1 பறவைக் காய்ச்சல். நம் நாட்டில் அதை உறுதிசெய்வது போபால் ஆய்வகம். அனுமதியும் முழுப் பாதுகாப்பு உடையும் இருந்தால் மட்டுமே உடலைத் திறக்கலாம்.

திறக்கும்போதே மூளையை இரண்டாக்குங்கள். ஒரு பாதி வைரஸ் சோதனைக்கு, பனிக்கட்டியில். மறுபாதி 10% ஃபார்மலினில். அவசரப்பட்டு முழு உடலையும் ஃப்ரீசரில் தள்ளுவார்கள், தடுத்துவிடுங்கள்: உறைந்த திசுவில் பனித்துகள் செல்களைக் கிழித்துவிடும், பிறகு பேத்தாலஜிஸ்டுக்கு வேலையில்லை.

பறவைக் காய்ச்சல் இல்லை என்றால் ரத்த ஒட்டுண்ணிகளின் முறை. வாத்து, கூஸ் குஞ்சுகளைப் பொறுத்தவரை முக்கியமான பெயர் லூக்கோசைட்டோசூன் சைமண்டி. அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள செனி சரணாலயத்தில் கனடா கூஸ் குஞ்சுகள் கூட்டமாகச் செத்ததற்கு இதுவே காரணம் என்று கண்டார்கள். ஓடும் நீரில் வளரும் கறுப்பு ஈ கடித்து இதைப் பரப்புகிறது. ஒட்டுண்ணி கல்லீரலில் பெருகி, பிறகு மூளை, இதயம், மண்ணீரலில் 100 மைக்ரானையும் தாண்டும் பெரிய பைகளாக உட்காரும்.

ரத்த ஸ்மியரை உயிருள்ள கூட்டாளிப் பறவையிலிருந்து எடுங்கள். உடனே இழுத்து, காயவைத்து, மெத்தனாலில் நிலைப்படுத்தி, ஜீம்சா சாயம் போடுங்கள். ஆயில் லென்ஸுக்குத் தாவ வேண்டாம். குறைந்த பெருக்கத்தில் ஸ்லைடின் ஓரங்களைப் பாருங்கள். இரு முனையும் கூராக நீண்ட செல், உள்ளே நிறமித் துகள் இல்லை என்றால் லூக்கோசைட்டோசூன். துகள் இருந்தால் பிளாஸ்மோடியம் அல்லது ஹீமோபுரோட்டியஸ்.

புதியவர்கள் சறுக்குவது இதற்கு அடுத்த படியில்தான். ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கண்டதும் ரிப்போர்ட்டில் 'மரணக் காரணம்' என்று எழுதிவிடுவார்கள். வளர்ந்த வாத்துகள் லூக்கோசைட்டோசூனைச் சுமந்தபடி நன்றாகவே நீந்தும். நேர்மாறாக, பிளாஸ்மோடியம் மூளையின் நுண்குழாய்களை அடைத்திருக்கும், ரத்தத்திலோ ஒன்றிரண்டுதான் தெரியும். பிசிஆர் பாசிட்டிவும் 'இருக்கிறது' என்று மட்டுமே சொல்லும். தீர்ப்பு மூளைச் சீவலில்தான். ஈய நஞ்சையும் பாட்டுலிசத்தையும் விலக்கிய பிறகுதான். 'காணப்பட்டது', 'கொன்றது' இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.

பண்ணைக்காரரிடம் கேட்க மறக்கக் கூடாதவை: குஞ்சுகள் மட்டும் சாகின்றனவா, பக்கத்தில் ஓடை உண்டா, எந்த மாதத்தில் தொடங்கியது?