உருக்கி வார்த்த நட்பு

நுழையும்முன்

மறைந்த நண்பரை நினைவுகூரப் புலவர் பாட்டெழுதுவர். செல்வர் மண்டபம் எழுப்புவர். கடலையும் படகையும் அன்றி வேறு செல்வம் இல்லாத மீனவர் என்ன செய்வர்? கியூபா நாட்டின் சிற்றூர் ஒன்றில் வாழ்ந்த மீனவர்கள், தம்மோடு கடலில் தூண்டில் பிடித்த நண்பர் மறைந்தபோது இவ்வினாவிற்கு ஒரு விடை கண்டனர். அவ்விடை இன்றும் அவ்வூர்க் கடற்கரையில் நிற்கிறது.

கடலோரச் சிற்றூர்

கியூபாவின் தலைநகரமான ஹவானாவிற்குக் கிழக்கே, சில கிலோமீட்டர் தொலைவில் அமைந்த மீனவர் ஊர் கோஹிமார். அதன் கரைக்கு அண்மையிலேயே கடல் ஆழமாகிறது. வளைகுடா நீரோட்டம் எனப்படும் வெதுவெதுப்பான பேராறு அவ்வாழத்தில் ஓடுகிறது. ஈட்டி போன்ற நீண்ட மூக்கினை உடைய மார்லின் என்னும் பெருமீன், அந்நீரோட்டத்தின் வழியே வரும்.

விடியலுக்கு முன்பே மீனவர்கள் சிறு படகுகளில் துடுப்பு வலித்துப் புறப்படுவர். இரை கோத்த தூண்டில் கயிறுகளை வெவ்வேறு ஆழங்களில் இறக்கி, நீரோட்டத்தின் போக்கில் படகை மிதக்கவிடுவர். மீன் சிக்கியபின் கயிற்றைப் படகில் இறுகக் கட்டிவிட இயலாது. மீன் திடுமென இழுத்தால் கயிறு அறுந்துவிடும். ஆகவே அதனைக் கையிலேயே பற்றி, மீன் இழுக்கும்போது விட்டுக்கொடுத்தும் அது தளரும்போது இழுத்தும் மணிக்கணக்காகப் போராட வேண்டும். வென்ற பின்னும் அச்சம் தீராது. குருதியின் மணத்தை அறிந்து சுறாக்கள் சூழ்ந்துகொள்ளும். கை நிறையக் கிடைத்தது கரை சேருமுன் காணாமற்போவது அவர்கள் அறிந்த துயரமே.

அயல்நாட்டு நண்பர்

இம்மீனவர்களிடம் தூண்டில் கலையின் நுட்பங்களைக் கற்க வந்தவர், அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே. 1899-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஓக் பார்க் நகரில் பிறந்தவர். முதல் உலகப்போரில் மருத்துவ ஊர்தி ஓட்டுநராக இத்தாலியில் பணியாற்றிக் காயமுற்றவர். 1934-ஆம் ஆண்டில், முப்பத்தெட்டு அடி நீளமுடைய 'பிலார்' என்னும் விசைப்படகை அவர் வாங்கினார். கோஹிமார் துறை அப்படகிற்குப் பழகிய இடமாயிற்று. ஹவானாவை அடுத்த 'ஃபின்கா விஹியா' என்னும் தோட்ட வீடு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவருடைய இல்லமாக இருந்தது.

1938-ஆம் ஆண்டு முதல் பிலார் படகில் அவருக்குத் துணையாக இருந்தவர் கிரிகோரியோ ஃபுவென்டஸ். கேனரித் தீவுகளில் பிறந்து, இளமையிலேயே கியூபாவிற்கு வந்து கடலோடியானவர். அவ்விருவரின் முதற்சந்திப்பை ஹெமிங்வே பிற்காலத்தில் எழுதியுள்ளார். புயலுக்கு அஞ்சிப் படகுகள் தீவொன்றின் அருகே ஒதுங்கியிருந்த வேளையில், வெங்காயம் வாங்குவதற்காக அவர் கிரிகோரியோவின் படகில் ஏறினார். கிரிகோரியோ வெங்காயத்தை விலையின்றிக் கொடுத்தார். அன்று ஹெமிங்வேயின் மனத்தில் பதிந்தது அக்கொடையோடு அப்படகின் தூய்மையும் ஆகும். தொழிற்கருவியைப் போற்றும் ஒருவரை மற்றொருவர் அடையாளம் கண்டுகொண்ட அந்நொடியிலேயே அந்நட்பு வேர்கொண்டது.

கேட்ட கதையும் படைத்த கதையும்

1936-ஆம் ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றில், கியூபக் கடலில் நிகழ்ந்த ஒரு செய்தியை ஹெமிங்வே குறித்தார். தனியே மீன்பிடிக்கச் சென்ற முதியவர் ஒருவரின் தூண்டிலில் மாபெரும் மார்லின் சிக்கியது; அது படகை நெடுந்தொலைவு இழுத்துச் சென்றது. இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 60 மைலுக்கு அப்பால் பிற மீனவர்கள் அவரைக் கண்டனர். சுறாக்கள் தின்றது போக மீனில் பாதிகூட எஞ்சவில்லை. முதியவர் படகில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தார்.

சில வரிகளில் அடங்கிய அச்செய்தி, பதினாறு ஆண்டுகள் அவருள் கிடந்து, 1952-ஆம் ஆண்டு 'கடலும் கிழவனும்' என்னும் குறுநாவலாக வெளிப்பட்டது. அதற்கு 1953-ஆம் ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு அவரை அடைந்தது. நோபல் பதக்கத்தை அவர் தம்மிடம் வைத்துக்கொள்ளவில்லை. கியூப மக்களுக்கு உரியதாக, எல் கோப்ரே என்னும் ஊரிலுள்ள அன்னை மரியாவின் திருத்தலத்திற்கு அதனை அளித்தார். யாரிடம் கற்றாரோ, யார் வாழ்வை எழுதினாரோ, அவர்களுக்கே பரிசும் உரியது என்னும் நன்றியுணர்வு அச்செயலில் விளங்குகிறது.

தெரியுமா?
இரண்டாம் உலகப்போரின்போது ஹெமிங்வே, பிலார் படகில் கியூபக் கடற்பகுதியில் சுற்றி, செர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடும் பணியில் ஈடுபட்டார். அப்பயணங்களிலும் கிரிகோரியோ அவருடன் சென்றார்.

பகைக்கு நடுவே ஒரு நினைவுச்சின்னம்

1960-ஆம் ஆண்டு கியூபாவை விட்டுச் சென்ற ஹெமிங்வே, மறு ஆண்டு சூலை 2-ஆம் நாள் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் மறைந்தார். செய்தி கோஹிமாருக்கு எட்டியது. நண்பருக்குச் சிலை வைக்க வேண்டுமென மீனவர்கள் விரும்பினர்.

அக்காலம் அதற்கு உகந்ததன்று. 1961-ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கா கியூபாவுடனான தூதரக உறவைத் துண்டித்திருந்தது. ஏப்ரலில் பிக்ஸ் விரிகுடாவில் படையெடுப்பு நிகழ்ந்தது. 1962-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வணிகத்தடை முழுமையாக நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளும் பகைவர்களாக நின்ற அந்நாளில், பகைநாட்டுக் குடிமகன் ஒருவருக்குச் சிலை எழுப்ப அச்சிற்றூரார் முனைந்தனர். அவர்களின் நோக்கில் அவர் அமெரிக்கர் என்பதினும், தம் துறையில் படகு கட்டியவர், தம்மோடு கடலில் வெயிலையும் காற்றையும் பகிர்ந்தவர் என்பதே பெரிதாயிருந்தது.

சிலை வார்க்க வெண்கலம் வேண்டும். அதனை வாங்கப் பணமில்லை. ஆகவே மீனவர்கள் தம் படகுகளின் உந்துவிசிறிகளையும் பிற உலோக உறுப்புகளையும் கொண்டுவந்து கொடுத்தனர். அவை உருக்கப்பட்டு, சிற்பி ஃபெர்னாண்டோ போவாதாவின் கைவண்ணத்தில் ஹெமிங்வேயின் மார்பளவுச் சிலையாயின. பதினேழாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட சிறுகோட்டைக்கு அருகில், தூண்கள் சூழ்ந்த வட்ட மேடையில் 1962-ஆம் ஆண்டு அச்சிலை நிறுவப்பட்டது.

மீனவருக்கு உந்துவிசிறி வெறும் உலோகமன்று. அது படகின் கால். வணிகத்தடையால் உதிரிப் பொருள்கள் அரிதாகத் தொடங்கிய காலத்தில், தேய்ந்த துண்டு உலோகமும் மதிப்புடையதே. எஞ்சியதைக் கொடுப்பது எளிது. உழைப்பிற்கு வேண்டியதிலிருந்து எடுத்துக் கொடுப்பது அரிது. அச்சிலையின் பெருமை அதன் உருவ அழகில் மட்டும் இல்லை. அது எவற்றால் ஆனது என்பதிலும் இருக்கிறது.

எஞ்சிய துணைவர்

பிலார் படகு கிரிகோரியோவின் பொறுப்பிற்கு வந்தது. அவர் அதனைக் கியூப அரசிடம் ஒப்படைத்தார். இன்று அருங்காட்சியகமாக விளங்கும் ஃபின்கா விஹியா வளாகத்தில், நீர் காணாத நிலத்தில் அப்படகு நிற்கிறது. கிரிகோரியோ கோஹிமாரிலேயே வாழ்ந்து, நண்பரைப் பற்றிக் கேட்டு வந்தோர்க்கெல்லாம் பழங்கதைகளைச் சொல்லிவந்தார். 2002-ஆம் ஆண்டு, தம் 104-ஆம் அகவையில் அவர் மறைந்தார். நண்பரை இழந்தபின் நாற்பது ஆண்டுகள் அந்நினைவு அவர் நாவில் வாழ்ந்தது.

'கடலும் கிழவனும்' நாவலில் முதியவர் சாந்தியாகோ கரைக்குக் கொண்டுவருவது மீனின் எலும்புக்கூட்டை மட்டுமே. ஆயினும் அதன் நீளத்தை அளந்து பார்க்கும் மீனவர்கள், அவர் கடலில் என்ன செய்தார் என்பதை உணர்ந்துகொள்கின்றனர். கோஹிமார் சிலையும் அத்தகையதே. நண்பரோடு கழித்த பகல்களும் கடலில் கேட்ட சொற்களும் மீளா. எஞ்சியிருப்பது ஒரு பிடி வெண்கலம். அதனைக் கொடுத்தவர் யார், எதிலிருந்து கழற்றிக் கொடுத்தார் என்பதை அறிந்தவர்க்கு, அந்நட்பின் அளவு விளங்கும்.

கற்பவை கற்றபின்

1. நாடுகளுக்கிடையே பகை நிலவும்போது தனிமனித நட்பு நிலைத்து நிற்க இயலுமா? பாடக்கருத்தின் அடிப்படையில் வகுப்பில் கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் மறைந்த உழைப்பாளர் ஒருவரை, அவருடன் பணியாற்றியோர் எவ்வாறு நினைவுகூர்கின்றனர் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.