பீடியும் ஓ.பி. சீட்டும்



மெக்கானிக்கல் படிக்கிறவன் லேத்தைப் பற்றி எழுதாமல் ஆஸ்பத்திரியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். அப்பாவுக்குத் துணையாகப் போனேன். வந்த கதை இது.

அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரம்மா முதலில் சளிப் பரிசோதனைக்கு எழுதினார். பிறகு, "அய்யா, காலையில எந்திரிச்சு எவ்வளவு நேரத்துல முதல் பீடி?" என்றார்.

"காபிக்கு முன்னாடியேம்மா."

எத்தனை பீடி என்பதைவிட இந்தக் கேள்விதான் முக்கியமாம். எழுந்த அரை மணிக்குள் பற்றவைத்தால் நிக்கோடினின் பிடி பலம் என்று அர்த்தம். இரவெல்லாம் குறைந்துபோனதை உடம்பு கேட்கிறது. பத்து வருஷமாக வீட்டில் சண்டை போட்ட எங்களுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை!

விடும் நாளைக் குறித்து, 4 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை மிட்டாய் மாதிரி மென்று, மேலே டீயும் குடித்தார். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். அதை மெல்லும் முறையே வேறு. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, வெற்றிலையை ஒதுக்குவதுபோல் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி மெல்லலாம். நிக்கோடின் வாயின் உட்தோல் வழியாகத்தான் ஏறும், விழுங்கினால் வீண். டீ, காபி குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும்.

டாக்டர் பேசியது மொத்தம் இரண்டு நிமிடம். இதனால் என்ன ஆகும் என்று தேடிப் பார்த்தேன். லண்டனில் 28 குடும்ப டாக்டர்களிடம் வந்த நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 1979-ல் வெளியானது. ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களில் ஓராண்டு புகைக்காதிருந்தவர்கள் 0.3 சதவீதம். ஓரிரு நிமிடம் புத்தி சொல்லி, துண்டுப் பிரசுரம் தந்து, மறுபடி விசாரிப்போம் என்று சொல்லி அனுப்பியவர்களில் 5.1 சதவீதம். கொஞ்சம்தானே என்கிறீர்களா? ஒரு டாக்டர் நாளைக்கு எத்தனை பேரைப் பார்க்கிறார் என்று கணக்குப் போடுங்கள்.

சளியில் காசநோய் இல்லை என்று வந்தது. அன்று இரவுதான் அம்மா சாப்பிட்டார். மூன்றாம் வாரம் ஒரு சாவு வீட்டில் அப்பா மறுபடி பீடி பிடித்துவிட்டார். டாக்டர் திட்டவில்லை. "சறுக்கினது எந்த இடத்துல?" என்று மட்டும் கேட்டு, புதுத் தேதி குறித்தார். ஆசை எழுந்தால் சில நிமிடத்தில் தணியும், அதுவரை வேறு வேலை பாருங்கள் என்றார். சிகரெட் பாக்கெட்டில் 2018 முதல் அச்சாகும் 1800-11-2356 என்ற இலவச எண்ணையும் சீட்டில் எழுதினார்.

கிளம்பும்போது, "தம்பி, நீங்க?" என்றார். சட்டைப் பையில் பாக்கெட். "இல்லை மேடம்" என்றேன். அப்பா என் பையைப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

அடுத்த முறையும் அதே கேள்வி. "ஒர்க்‌ஷாப் முடிஞ்சு ரெண்டு" என்றேன். எனக்கும் ஒரு ஓ.பி. சீட்டு போடச் சொன்னார்.