பெருவகை நாய்க்குட்டிகளுக்கு உலர்த்திய உணவு

கோலார் தங்கவயலில் கிரேட் டேன் முதலிய, வளர்ந்தபின் 32 கிலோவுக்கு மேல் எடையுறும் நாய்க்குட்டிகளை வளர்ப்போர், உறையவைத்து உலர்த்திய இறைச்சியுணவை வாங்குமுன் பொட்டலத்தின் குறிப்பைப் படிக்குமாறு களப்பணியாளர் எடுத்துரைத்தல் வேண்டும்.

இம்முறையில், உறைந்த இறைச்சியிலுள்ள பனிக்கட்டி, காற்றகற்றிய கலத்தில் நீராகாமலே ஆவியாகின்றது. சத்துக்கள் பெரும்பாலும் நிலைக்கும். நோய்க்கிருமிகளும் பல பிழைத்துவிடும்!

சுண்ணாம்புச் சத்தே இங்குத் தலையாயது. இளங்குட்டியின் குடல் மிகைச் சுண்ணாம்பைத் தள்ளிவிடும் ஆற்றலற்றது. அம்மிகையால் கிரேட் டேன் குட்டிகளின் எலும்பு வளர்ச்சி கெடுவதை நெதர்லாந்து ஆய்வாளர் 1985இல் வெளியிட்டனர். ஈரம் நீங்கலாகக் கணக்கிடின், அது 1.8 விழுக்காட்டைத் தாண்டலாகாது. வெறும் இறைச்சியிலோ அது மிகக் குறைவு. ஆகவே, பெருவகைக் குட்டிகளின் வளர்ச்சிக்குரிய முழு உணவெனக் குறிக்கப்பட்டதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அதனுடன் எலும்புத்தூள் சேர்த்தல் கூடாது. நீரில் ஊறவைத்தவுடன் ஊட்டி, கலத்தையும் கைகளையும் கழுவுக.