ஆகஸ்ட் கடைசியில் திறக்கும் கதவு

இங்கிலாந்தில் ஆசிரியர் பயிற்சி முடித்த நம்மவர்கள் பலர் பள்ளிக்கூடங்களுக்கே விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஃபர்தர் எஜுகேஷன் கல்லூரிகள் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நான் கணிதம் கற்பிப்பது அப்படியொரு கல்லூரியில்தான். பதினாறு வயதுப் பிள்ளைகளும் பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஒரே கட்டடத்தில் படிப்பார்கள். கொத்து வேலை, சிகையலங்காரம், நாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கான ஈசோல் ஆங்கிலம் எல்லாம் அங்கே உண்டு.

பள்ளிகள் கோடை விடுமுறைக்கு முன்பே பெரும்பாலும் ஆள் எடுத்துவிடும். கல்லூரிக்கு அது முடியாது. ஜி.சி.எஸ்.இ. முடிவுகள் வருவதே ஆகஸ்ட் பிற்பகுதியில். அதன்பிறகு சேர்க்கை நடந்தால்தான் எத்தனை வகுப்பு என்று தெரியும். கணிதத்திலோ ஆங்கிலத்திலோ 4ஆம் தரம் எட்டாத 16–18 வயதினர் அந்தப் பாடத்தைத் தொடர்ந்து படித்தாக வேண்டும். 2014 முதல் அரசு நிதிக்கு அது நிபந்தனை. அதனால் இந்த இரண்டு பாடங்களுக்கு செப்டம்பரிலும் ஆள் தேடுவார்கள். அந்த வாரங்களில் ஊருக்கு டிக்கெட் போடாதீர்கள். விளம்பரம் வரட்டும் என்று இருக்காமல் பாடப்பிரிவுத் தலைவருக்கு நேரடியாக எழுதுங்கள். எனக்கு வேலை வந்தது அப்படித்தான்.

நேர்முகத்தில் பதினைந்து, இருபது நிமிடம் பாடம் நடத்தச் சொல்வார்கள். எனக்கு வாய்த்தது கொத்து வேலை படிக்கும் பையன்கள், தலைப்பு விகிதம். பின்வரிசையில் ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "செங்கல் கட்டக் கலவை எப்படிப் போடுவாய்?" என்று கேட்டேன். "நாலு மண்வெட்டி மணலுக்கு ஒன்று சிமெண்ட்" என்றான், யோசிக்காமல். அதையே பலகையில் 4:1 என்று எழுதினேன். "இருபது மண்வெட்டி மணல் இருந்தால்?" கட்டிய கை பிரிந்தது. தனக்குக் கணக்கு வராது என்று முடிவுகட்டிய பிள்ளைகள் இவர்கள். இவர்களோடு உட்கார மனமிருக்கிறதா என்பதைத்தான் தேர்வுக் குழு பார்க்கிறது என்று நம்புகிறேன். மாணவர் பாதுகாப்பு பற்றிய கேள்வி நிச்சயம் வரும். ‘கீப்பிங் சில்ட்ரன் சேஃப் இன் எஜுகேஷன்’ ஆவணத்தின் முதல் பகுதியைப் படித்துவிட்டே போங்கள்.

முதல் வேலை பெரும்பாலும் மணிக்கணக்குச் சம்பளம்தான். ஏற்கலாம், ஆனால் கேட்டுவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள்: சொல்லும் தொகையில் விடுமுறைப் பணம் அடக்கமா? பாடம் தயாரிக்கவும் தாள் திருத்தவும் தனியாகத் தருவார்களா? வகுப்பு ரத்தானால்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கேட்டால் வேலை போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கணித ஆசிரியர் கிடைப்பது அவர்களுக்கும் லேசில்லை.

பள்ளிக் கதவு அடைபட்டுவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். கல்லூரி ஆசிரியர்களுக்கான கியூ.டி.எல்.எஸ். தகுதி பெற்று, சொசைட்டி ஃபார் எஜுகேஷன் அண்ட் டிரெயினிங் உறுப்பினராக நீடிப்பவர்களை 2012 முதல் இங்கிலாந்துப் பள்ளிகளும் தகுதிபெற்ற ஆசிரியர்களாக ஏற்கின்றன. இன்னொன்று: ஏஜென்சி வழியாகப் போகிறவர்கள், குற்றப் பின்னணிச் சோதனைக்கான டி.பி.எஸ். சான்றிதழ் வழங்கப்பட்ட 30 நாளுக்குள் அதன் அப்டேட் சர்வீஸில் பதிந்துவிடுங்கள். கல்லூரி மாறும்போதெல்லாம் புதிதாக விண்ணப்பித்துக் காத்திருக்கும் வாரங்கள் மிச்சமாகும்.