கணினி அறிவோம்: விண்டோஸ் மாறியதும் வி.பி.என். நின்றுவிட்டதா?

இந்த மாதம் கணினிப் பகுதி என் முறை. பாடப் புத்தகத்தைப் பார்த்து ஏதாவது எழுதிடலாம்னுதான் இருந்தேன். அதைவிட எங்க சித்தி வீட்டில் நடந்ததை எழுதினால் உங்களுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

சித்தி நம்ம சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறார். 2025 நவம்பர் முதல் வாரம் அவங்க பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. வாசலில் வேப்பிலை செருகியாச்சு. கம்பெனியில், "வீட்டிலிருந்தே வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டார்கள். கொரோனா சமயத்தில் கொடுத்த லேப்டாப் சித்தியிடமே இருந்தது. அதில் விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஓடு மைக்ரோசாஃப்ட் நிறுத்தியதால், ஒரு கடையில் கொடுத்து 11 போட்டு வாங்கியிருந்தார்.

5-ஆம் தேதி ராத்திரி கம்பெனி சர்வரோடு இணைத்தால் இணையவே இல்லை. நாற்பது பேருடைய சம்பளப் பட்டியல் அந்த சர்வரில் இருக்கிறது. 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாகணும். அம்மை போட்ட வீட்டுக்குள் கம்பெனி ஆள் வரமாட்டார். எனக்குச் சின்ன வயசிலேயே அம்மை வந்து போனதால் நான் போனேன்.

முதலில் வி.பி.என். என்றால் என்ன? நம்ம மாஹே கேரளத்துக்குள்ளே இருக்கிறது, ஏனாம் ஆந்திராவுக்குள்ளே இருக்கிறது. ரெண்டும் புதுச்சேரிதான். இங்கிருந்து அங்கே ஒரு அரசுக் கடிதம் போகணும்னா அடுத்த மாநிலத்து ரோடு வழியாகத்தான் போகணும். ஆனால் அரக்கு முத்திரை வைத்த உறையில் போனால் வழியில் யாரும் படிக்க முடியாது. வி.பி.என்.னும் அப்படித்தான். எல்லோரும் போகிற இணையத்தில், பூட்டிய உறைக்குள் நம்ம தகவல் போய் வரும். உறையை மூடும் விதம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கணும். விண்டோஸை மாற்றும்போது இந்தப் பக்கத்து விதம் மாறிப்போகிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

நான் செய்த முதல் தப்பு, திரையில் வந்த எண்ணைப் படிக்காமல் நாலு தடவை திரும்பத் திரும்ப அழுத்தியது. ஒரு வீடியோவில் ஃபயர்வாலை அணைத்துவிட்டு ஏதோ இலவச வி.பி.என். போடச் சொன்னார்கள். சித்தி, "அது கம்பெனி மெஷின்டி, கண்டதையும் ஏத்தாதே" என்று தடுத்துவிட்டார். சரிதான். அந்த இலவச வி.பி.என். வேறு யாருடைய சர்வருக்கோ போகும், சித்தி கம்பெனிக்குப் போகாது.

பிறகுதான் எண்ணைப் பார்த்தேன். 809. அந்தப் பக்கத்து சர்வர் பதில் தரவில்லை என்று அர்த்தம். (789 வந்தால் பெரும்பாலும் பொதுச் சாவி தப்பு. 691 வந்தால் பெயரோ பாஸ்வேர்டோ தப்பு.) வீட்டு வைஃபையை விட்டுவிட்டு செல்போன் ஹாட்ஸ்பாட்டில் போட்டோம். அதே 809. அப்போ வீட்டு ரவுட்டர் காரணமில்லை. சித்தியோடு வேலை பார்க்கும் அக்காவுக்கு போன் செய்தோம். அவர் வீட்டிலிருந்து நன்றாக இணைகிறதாம். அப்போ சர்வரும் காரணமில்லை. மிச்சம் இருந்தது இந்த லேப்டாப் ஒன்றுதான்.

மறுநாள் காலையில் கம்பெனி கம்ப்யூட்டர் சார் போனில் வந்தார். "பாப்பா, கடையில அப்கிரேடு பண்ணாங்களா, ஃபார்மேட் பண்ணாங்களா?" என்று கேட்டார். சி டிரைவில் பழையது எதுவுமே இல்லை. முழுக்க அழித்துப் புதுசாகப் போட்டிருக்கிறார்கள். அவருக்கு அப்பவே புரிந்துவிட்டது.

அவர்கள் சர்வர் ஒரு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே தெரிவது ரவுட்டரின் முகவரி மட்டும். இப்படி மறைந்திருக்கும் சர்வரோடு எல்2டிபி / ஐபிசெக் முறையில் விண்டோஸ் தானாக இணையாது. 2004-இல் எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 வந்ததிலிருந்தே அப்படித்தான். இணையணும்னா ரெஜிஸ்ட்ரியில் நாமே அனுமதி எழுதணும். சார் பழைய விண்டோஸில் எழுதி வைத்திருந்தார். ஃபார்மேட்டில் அதுவும் சேர்ந்து போய்விட்டது.

அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்தோம். எச்.கே. லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், சர்வீசஸ், பாலிசி ஏஜென்ட் என்று வரிசையாக உள்ளே போய், அஸ்யூம் யு.டி.பி. என்கேப்சுலேஷன் கான்டெக்ஸ்ட் ஆன் சென்ட் ரூல் என்ற பெயரில் ஒரு டிவேர்டு. மதிப்பு 2. (பெயரை இடைவெளியே இல்லாமல் ஒரே சொல்லாக அடிக்கணும். நான் ஒரு எழுத்தை விட்டுவிட்டு அரைமணி நேரம் வீணாக்கினேன். எழுத்துக்கூட்டல் வேணும்னா என் நோட்டில் இருக்கிறது.) பிறகு கட்டாயம் ரீஸ்டார்ட். இந்த இணைப்புக்கு யு.டி.பி. 500, 4500 என்ற இரண்டு வாசல்களும் திறந்திருக்கணும். அவை சரியாகவே இருந்தன.

இணைந்தது! சித்தி சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தார்.

எல்லா இடத்திலும் இதே மருந்து வேலை செய்யாது. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது சிஸ்கோவின் பழைய வி.பி.என். மென்பொருள் 442 என்ற பிழையைக் காட்டியது. அதன் மெய்நிகர் அடாப்டரின் பெயர் ரெஜிஸ்ட்ரியில் கோணலாகப் பதிந்ததுதான் காரணம், அந்தப் பெயரைத் திருத்தினால் ஓடியது. 2016-இல் ஆப்பிள் தன் மேக் ஓஎஸ் சியராவில் பிபிடிபி முறையையே எடுத்துவிட்டது. பாதுகாப்பில்லாத பழைய முறை என்பதால் அங்கே வேறு முறைக்கு மாறுவதுதான் வழி. சில சமயம் நம்மிடம் தப்பே இருக்காது. 2022 ஜனவரி 11-இல் வந்த விண்டோஸ் அப்டேட் இதே எல்2டிபி இணைப்புகளைக் கெடுத்தது. 17-ஆம் தேதி அவசரமாகத் திருத்தம் விட்டார்கள். 2024 ஏப்ரலிலும் ஒரு அப்டேட்டால் வி.பி.என். கெட்டு, மே 14-இல்தான் சரியானது. அதனால் நேற்று வரை ஓடியது இன்று நின்றால், ராத்திரி என்ன அப்டேட் வந்தது என்றும் பாருங்க.

தனி மென்பொருள் போட்டு வி.பி.என். பயன்படுத்துபவர்கள், விண்டோஸ் மாற்றுவதற்கு முன்பே அதை நீக்கிவிட்டு, மாற்றிய பிறகு புது விண்டோஸுக்கு ஏற்றதைப் போடுவது நல்லது.

6-ஆம் தேதி ராத்திரி பத்து மணிக்கு சம்பளப் பட்டியல் போய்விட்டது. அந்த நீளமான பெயரையும் 2 என்ற எண்ணையும் சித்தி தன் டைரியில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார். தம்பிக்கு அடுத்த வாரம் தலைக்குத் தண்ணி ஊற்றினார்கள்.