வெள்ளச் சேதமும் இன்ஷூரன்ஸும்

வீட்டிற்குள் புகுந்த வெள்ளம் வடிந்தவுடன் சேற்றை வாரிக் கொட்டி, கெட்டுப்போன சாமான்களைத் தெருவில் எறிவது எவருக்கும் இயல்பே. ஆனால், நஷ்ட ஈடு பெறுவதற்கு வேண்டிய சான்றும் அந்தச் சேற்றோடு வெளியேறிவிடுகிறது என்பதைப் பலர் உணர்வதில்லை. ஆகவே, இப்பாடத்தைச் சற்றுக் கவனத்துடன் படித்தல் நலம்.

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி காலை முதல் மறுநாள் காலை வரை தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் மிகுநீர் அடையாற்றில் பெருகவே, முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் ஆகிய இடங்களில் எண்ணற்ற வீடுகள் நீரில் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இப்பகுதி மக்கள் வெள்ளத் துயருக்கு ஆளாயினர். அப்போது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அரசு 6,000 ரூபாய் நிவாரணம் வழங்கியது. நிவாரணம் உடனடித் துயரைத் தணிக்கும். இழந்த பொருளை மீண்டும் வாங்கத் துணை நிற்பது இன்ஷூரன்ஸே.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

2021 ஏப்ரல் முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்னும் பொதுவான வீட்டுப் பாலிசி நடைமுறையில் உள்ளது. தீ, புயல், வெள்ளம், நிலநடுக்கம் ஆகியவை இதில் அடங்கும். கட்டடத்திற்குப் பாலிசி எடுத்தால், அத்தொகையில் 20 சதவீதம் வரை, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், வீட்டுச் சாமான்களுக்கும் பாதுகாப்பு உண்டு. வாடகைக்கு இருப்போர் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம். மனையின் விலையைச் சேர்க்க வேண்டியதில்லை. கட்டடத்தை மீண்டும் கட்டும் செலவே கணக்கு. வங்கிக் கடனில் வீடு வாங்கியோர், கடனுடன் பாலிசியும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டறிதல் வேண்டும்.

வாகனத்திற்குச் சட்டப்படி கட்டாயமான மூன்றாம் நபர் பாலிசி வெள்ளச் சேதத்திற்கு உதவாது. சொந்தச் சேதத்திற்கும் சேர்த்து எடுத்திருக்க வேண்டும்.

ஐப்பசி பிறக்குமுன் ஒவ்வோர் அறையையும் படம் எடுத்து வைக்கவும். பாலிசி, ரசீது, வாகனப் பதிவுச் சான்று ஆகியவற்றை நீர் புகாத உறையிலிட்டு உயரத்தில் வைக்கவும். நகல்களை வெளியூர் உறவினரிடம் கொடுத்து வைப்பது மேலும் நன்று.

நீர் வடிந்தபின் செய்ய வேண்டியவை

1. தாமதமின்றிக் கம்பெனிக்குத் தெரிவித்து, கோரிக்கை எண்ணைக் குறித்துக் கொள்க.

2. சுவரில் நீர் நின்ற கறை தெரியும்படி, கழுவுவதற்கு முன்பே படம் எடுக்கவும். சுகாதாரத்தின் பொருட்டு எதையேனும் அகற்ற நேர்ந்தால், கம்பெனிக்கு அறிவித்துப் படம் எடுத்த பின்னரே அகற்றுக.

3. நீரில் மூழ்கிய வாகனத்தை ஓட்டிப் பார்க்கும் எண்ணத்தில் கிளப்பவே கூடாது. எஞ்சினுக்குள் நீர் புகுந்திருந்தால் உள்பாகங்கள் முறியும். எஞ்சினுக்கெனத் தனிப் பாதுகாப்பு எடுத்திராதவருக்கு அந்தச் செலவு மறுக்கப்படக்கூடும். இழுத்துச் செல்லும் வண்டியிலேயே பட்டறைக்கு அனுப்புக.

4. சர்வேயர் வரும்போது உடனிருந்து, சேதப் பட்டியலின் ஒரு பிரதியை அவரிடம் தந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குக.

கோரிக்கை மறுக்கப்பட்டால்

மனம் தளர வேண்டியதில்லை. முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் முறையிடுக. ஒரு மாதத்திற்குள் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி தராவிடினும், சென்னையிலுள்ள இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளரை ஓராண்டிற்குள் அணுகலாம். 50 லட்சம் ரூபாய் வரையிலான ஈட்டுக் கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

எழுதப் படிக்க வசதியற்ற அண்டை வீட்டாருக்கு இப்படிவங்களை நிரப்பிக் கொடுப்பது சிறந்த ஊர்த்தொண்டாகும். சுய உதவிக் குழுவினரும் படித்த இளைஞர்களும் மழைக்காலத்திற்கு முன்பே இப்பணியைத் தொடங்குவார்களாக.

சிந்திக்க வேண்டிய வினாக்கள்

1. நம் தெருவில் எத்தனை வீடுகளுக்குப் பாலிசி உண்டு?

2. இன்றிரவே வெள்ளம் வந்தால், நம் வீட்டுப் பத்திரங்கள் எங்கே இருக்கும்?