வேரோடு எடுத்தால்தான் வெற்றி!
(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்)



சர்வே வகுப்பில் தூங்கி வழிகிற நமக்கு, ப்ராஜெக்ட் என்று வந்த பிறகுதான் பாடமே புரியும். எனக்கும் அப்படித்தான். எங்கள் ஊர்க் கண்மாயின் கொள்ளளவை அளக்க ஐந்து பேர் ஆட்டோ லெவலோடு இறங்கினோம். ஸ்டாஃப் பிடித்து நிற்கக்கூட இடமில்லை. திரும்பிய பக்கமெல்லாம் சீமைக் கருவேலம். "என்னடா, கண்மாய்னு சொல்லிக் காட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்ட?" என்று நண்பர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். நான் கட்டிய ஃபீஸ் அத்தனையும் இந்த முள்ளைச் சுட்ட காசு. அந்த மரத்தை ஒழிப்பது எப்படி என்று நானே எழுதுகிறேன் என்றால், அதற்குக் காரணம் உண்டு. படியுங்கள்.

வந்த கதை

இதன் சொந்த மண் அமெரிக்கக் கண்டம். 1877-ல் ஜமைக்காவிலிருந்து விதை வந்தது என்பார்கள். 1950, 60-களில் வறண்ட மாவட்டங்களின் விறகுப் பஞ்சம் தீர அரசே இதைப் பரப்பியது. விறகுப் பஞ்சம் தீர்ந்தது உண்மை. ஆனால் வேலியில் நிற்க வேண்டியது கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் புகுந்துகொண்டது.

ஆடு மாடு காயைத் தின்னும். சாணத்தோடு விதை விழுந்து முளைக்கும். விதையின் ஓடு கெட்டி, பல வருஷம் மண்ணில் காத்துக் கிடக்கும். வேரோ கேட்கவே வேண்டாம். அரிசோனாவில் சுரங்கம் தோண்டியபோது இதே பேரினத்து மரத்தின் வேர் 53 மீட்டர் ஆழத்தில் கண்டெடுக்கப்பட்டது!

வெட்டினால் ஏன் போகவில்லை?

எங்கள் கண்மாயை ஏற்கெனவே ஒருமுறை 'சுத்தம்' செய்தார்கள். தரைக்கு மேலே அறுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டே வருஷத்தில் ஒரு தூருக்கு ஐந்து கிளையாக எழுந்து நின்றது. துளிர்க்கும் மொட்டுகள் தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில் மண்ணுக்குள் இருக்கின்றன. அந்தக் கழுத்தோடு தோண்டி எடுக்காவிட்டால் அது களை எடுப்பு அல்ல, கவாத்துதான்!

யாரிடம் போவது?

நாங்கள் முதலில் எழுதிய மனு தவறான அலுவலகத்துக்குப் போய் இரண்டு மாதம் தூங்கியது. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

1. இடம் யாருடையது? கண்மாயின் ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை. குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். மற்ற புறம்போக்கு என்றால் வி.ஏ.ஓ., தாசில்தார். காப்புக்காடு என்றால் வனத்துறை. முதலில் ஆயக்கட்டைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு மனு எழுதுங்கள்.

2. கிராம சபை. குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் கூடும். 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளும் சேர்ந்தன. அங்கே போடும் தீர்மானத்துக்குத் தனி மனுவைவிட மதிப்பு அதிகம்.

3. தொழில்நுட்ப யோசனை. வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம். நாட்டின் முதல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. கோவை வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. களைகளுக்கென்றே ஜபல்பூரில் மத்திய ஆராய்ச்சி இயக்குநரகம் உண்டு. வீட்டிலிருந்தே கேட்க கிசான் கால் சென்டர்: 1800-180-1551. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

4. சட்டமும் கொள்கையும். 1919-லேயே சென்னை மாகாணம் விவசாயப் பூச்சி, நோய்ச் சட்டம் கொண்டுவந்தது. களைகளும் அதில் அடங்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டது. 2022-ல் தமிழக அரசு அந்நியத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களை மீட்டெடுப்பதும் அதில் உண்டு.

பூச்சி செய்த வேலை

சப்பாத்திக் கள்ளி ஒரு காலத்தில் நம் நிலங்களை மூடிக் கிடந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்த ஒரு செதிள் பூச்சி சில ஆண்டுகளில் அதன் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தது. பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டை 1984-ல் பெங்களூரில் விட்டார்கள். கருவேலத்துக்கு நம் கையில் இருப்பது கடப்பாரையும் ஜே.சி.பி.யும்தான்.

அப்பா சொன்னது

மனுவில் கையெழுத்து வாங்கப் போனபோது அப்பா முன்னால் நிற்கத் தயக்கமாக இருந்தது. அவர் பேப்பரை வாங்கிப் படித்தார். "கண்மாய்க்குள்ள நிக்கிறத எடுங்கப்பா. தண்ணி நின்னா நாலு பேருக்கு வயல் வேலை. பட்டாக் காட்டுல நிக்கிறத விட்ருங்க. அத நம்பித்தான் இத்தனை மூட்டம் எரியுது" என்றார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

எங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை அன்றிரவே திருத்தினோம். 'முழுவதும் அகற்ற வேண்டும்' என்ற வரியை அடித்துவிட்டு, முதலில் வரத்துக்கால், அடுத்து மடையும் கலுங்கும், பிறகு உள்வாய் என்று வரிசைப்படுத்தினோம். எடுத்த விறகை ஊர்க் கரிமூட்டக்காரர்களுக்கே ஏலம் விட வேண்டும் என்றும் சேர்த்தோம்.

இன்றைக்கு வரத்துக்கால் மட்டும் சுத்தமாகியிருக்கிறது. உள்வாய் இன்னும் பாக்கி. மழை பெய்ததும் முளைத்த கன்றுகளை ஞாயிற்றுக்கிழமைகளில் கையால் பிடுங்குகிறோம். மண் ஈரமாக இருக்கும்போது விரல் நீளக் கன்று சுலபமாக வந்துவிடும். ஒரு வருஷம் விட்டால் ஜே.சி.பி. தேவைப்படும்.

தோழர்களே! அளக்கவும் வரையவும் மதிப்பீடு போடவும் நமக்குத்தான் தெரியும். உங்கள் ஊர்க் கண்மாய்க்கு ஒரு நாள் லெவலோடு போங்கள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு போங்கள்!